பெற்றவளுக்கும் நான்கு தானம்

(அட்சய திருதியை விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று அட்சய திருதியை. ஊரார்க்கு இது பொன் வாங்கும் நாளாகிவிட்டது. நமக்கோ இது முதல் தானத்தின் நாள். ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வரலாறு புதியதன்று. துறவு பூண்ட விருஷபதேவர் ஆறு திங்கள் அசையாது யோகத்தில் நின்றார். பின்னர், துறவிக்கு இல்லறத்தார் எவ்வாறு உணவளிக்க வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டவே ஊர்தோறும் நடந்தார். மக்கள் அவரைக் கண்டு ஓடிவந்தனர். யானை கொடுத்தனர், குதிரை கொடுத்தனர், மணியும் பட்டும் கொண்டுவந்து குவித்தனர். அவர் எதையும் நோக்காது மௌனமாக நடந்தார். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் ஒருவனே, முற்பிறவி நினைவு வரப்பெற்று, அவருக்கு வேண்டியது இன்னதென்று உணர்ந்து, கருப்பஞ்சாற்றை அவர் கையில் வார்த்தான்.

இந்த வரலாற்றை நான் பலமுறை வகுப்பிலும் விழாவிலும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஒரு செய்தி என் நெஞ்சில் தைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த மக்கள் கொடாதவர்கள் அல்லர். கொடுக்கும் மனம் அவர்களுக்கு நிறைய இருந்தது. எதிரில் நிற்பவருக்கு எது வேண்டும் என்று அறியும் அறிவுதான் இல்லை.

பிள்ளை பெற்ற ஒருத்தியின் வீட்டுக்கு நாம் போவதை நினைத்துப் பாருங்கள். பெயர் சூட்டும் நாளில் தங்கச் சங்கிலி கொண்டுபோகிறோம். வெள்ளிக் கொலுசும் பட்டுச் சட்டையும் கொண்டுபோகிறோம். குழந்தை யார் சாயல் என்று அரைமணி நேரம் வழக்காடுகிறோம். காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறோம். மூலையில் அமர்ந்திருப்பவளைப் பார்த்து, "அம்மா, நீ சாப்பிட்டாயா? நேற்று இரவு எத்தனை நாழிகை உறங்கினாய்?" என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்? யானையும் குதிரையும் கொண்டுவந்தவர்கள்தாம் நாமும்.

பிறர் குறையைச் சொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

2014-இல் என் மகனுக்கு முதல் குழந்தை பிறந்தது. மருமகளுக்குத் தாய் இல்லை. ஆகவே பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தது. அறுவை செய்து எடுத்த குழந்தை. மூன்றாம் நாளும் பால் நன்கு இறங்கவில்லை, குழந்தை அழுதது. "உனக்குப் பால் பற்றவில்லை அம்மா" என்று நான்தான் முதலில் சொன்னேன். மாவுப்பால் டப்பாவை வாங்கி வரச் சொன்னதும் நானே. 1984-இல் என் முதல் குழந்தைக்கு மூன்றாம் வாரமே புட்டிப்பால் கொடுத்தவள் நான். எனக்குச் சொல்லப்பட்ட அதே சொல்லை முப்பது ஆண்டு கழித்து அவளுக்குச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் நள்ளிரவு, இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களையில் அரவம் கேட்டது. விளக்கைப் போட்டேன். என் மருமகள் சுவரோரம் நின்றுகொண்டு, இருட்டில், வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "அத்தை, பசி தாங்கவில்லை" என்றாள். நம் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. அதை நான் அவளிடம் ஒருநாளும் கட்டளையாகச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. என் முகமே போதுமானதாக இருந்திருக்கிறது. அறுவைக் காயத்தோடு எழுந்துவந்து, என் முகத்துக்கு அஞ்சி, விளக்கும் போடாமல் நின்று தின்கிறாள். முப்பத்திரண்டு ஆண்டு அகிம்சையைப் பாடமாக நடத்திய ஆசிரியை நான். அன்று இரவு என் வீட்டு அடுக்களையில் ஓர் உயிர் என்னைக் கண்டு அஞ்சி நின்றது.

அந்த இரவிலிருந்து நான் கற்றவற்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன். நம் அறநெறி தானத்தை நான்காக வகுக்கிறது: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று நம் பெரியோர் சொல்வர். இந்நான்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உரியன என்பதே என் உரையின் பொருள்.

உணவு

பால் கொடுக்கும் தாய்க்கு, அவள் வழக்கமாக உண்பதைவிட ஒரு வேளைச் சிற்றுண்டியும் ஒரு குவளைப் பாலும் கூடுதலாக வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நாமோ பத்தியம் என்ற பெயரால் இருப்பதையும் குறைக்கிறோம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று நீரையும் அளந்து கொடுக்கிறோம். இது பெருந்தவறு. தாகம் எடுக்கும் போதெல்லாம் அவள் குடிக்கவேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்க அமரும்போது, வடிகட்டிக் காய்ச்சிய நீர் ஒரு செம்பு அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும்.

பூண்டு தின்றால்தான் பால் சுரக்கும் என்பது நாட்டு வழக்கு. பூண்டு சேர்க்காத நம் குடும்பத்துப் பெண்களை, "அதனால்தான் உனக்குப் பால் இல்லை" என்று அக்கம்பக்கத்தார் அச்சுறுத்துவதுண்டு. அஞ்சவேண்டா. பால் சுரப்பது குழந்தை எத்தனை முறை, எவ்வளவு நன்றாகச் சுவைத்து இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறப் புதிதாய் ஊறும். தேங்கி நின்றால் சுரப்புக் குறையும். பூண்டு இன்றிப் பத்துப் பிள்ளை வளர்த்த பாட்டிமார் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள்.

கேழ்வரகு, கம்பு, எள், வெல்லம், பயறு, பருப்பு, முருங்கைக்கீரை, நெய், பால், தயிர், பருவத்துப் பழங்கள் ஆகியவை போதும். மழைக்கால நான்கு திங்களில் கீரையை விலக்கும் குடும்பத்தார், அக்காலத்தில் பயறும் கேழ்வரகும் எள்ளும் கூட்டிக் கொடுங்கள். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். காப்பியும் தேநீரும் உணவோடு சேர்ந்தால் அச்சத்தைத் தடுக்கும். ஆகவே அவற்றை ஒருமணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

இனி இரவு உணவுக்கு வருகிறேன். மாலை ஆறு மணிக்கு முன் உண்டவள் காலை ஏழு மணிக்கு அடுத்து உண்டால் இடையே பதின்மூன்று மணி நேரம். அந்தப் பதின்மூன்று மணி நேரத்தில் குழந்தை நான்கைந்து முறை அவள் உடலிலிருந்து உணவு எடுக்கிறது. இரவு உண்ணாமையின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. நான் இன்றும் அதைக் காப்பவள். ஆனால் தீர்த்தங்கரர் நிலைக்கு வித்தாகும் பதினாறு பாவனைகளை எண்ணிப் பாருங்கள். தவத்தையும் தியாகத்தையும் சொல்லும் இடத்தில், "சக்திக்கு ஏற்ப" என்னும் அடைமொழியோடுதான் அவை அங்கே நிற்கின்றன. அதே பதினாறனுள் தளர்ந்தவர்க்குப் பணிசெய்தலாகிய வையாவிருத்தியமும் ஒன்று. என் சக்திக்கு ஏற்ற தவம் என்னுடையது. அவள் சக்திக்கு ஏற்ற தவம் அவளுடையது. தானே மனமுவந்து ஏற்பது விரதம். பிறர் முகத்துக்கு அஞ்சிக் கிடப்பது பட்டினி.

ஆகவே வழி என்ன? இரவு உண்ணாமையைக் காக்கவேண்டும் என்று தாயே விரும்பினால், வீட்டார் அதற்குத் துணைநிற்க வேண்டும். ஐந்தரை மணிக்கு அவளுக்கு வயிறார உணவு சூடாக வரவேண்டும். கதிரவன் எழும்போதே கஞ்சி அவள் கையில் இருக்கவேண்டும்; அதற்காக முன்னதாக எழவேண்டியவர் மாமியாரோ கணவரோ, அவள் அல்லள். பகலில் ஐந்து வேளையாகப் பகிர்ந்து உண்ணட்டும். அவளுடைய உடல் அதற்கு இடங்கொடாவிட்டால், அல்லது மருத்துவர் வேண்டா என்றால், இரவில் பாலும் பழமும் நாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். விளக்கைப் போட்டு, அவளை அமரவைத்துக் கொடுக்கவேண்டும்.

மருந்து

பேறுகால லேகியம் கிண்டுவதில் நாம் காட்டும் அக்கறையை, சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் காட்டுவதில்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைப் பேறுகாலத்துக்குப் பின்னும் 180 நாள் உட்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அவ்வாறே. இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கக்கூடாது. குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டுமருந்து பற்றி மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். தாய்ப்பாலில் அது போதிய அளவு இருப்பதில்லை.

நம் சமூகத்தார் தனியே கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. வைட்டமின் பி12 என்னும் சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. நாம் உண்பவற்றுள் பாலிலும் தயிரிலும்தான் ஓரளவு இருக்கிறது. தாய்க்கு அது குறைந்தால் அவள் பாலிலும் குறையும். குழந்தை சில திங்கள் நன்றாக வளர்ந்துவிட்டுப் பிறகு சோர்ந்து கிடக்கும். சிரித்தது சிரிப்பதை மறக்கும். தலை நின்றது நில்லாமற்போகும். சிலருக்குக் கைந்நடுக்கமும் வரும். முன்கூட்டியே அறிந்தால் எளிதில் நீக்கக்கூடிய குறை இது. கருவுற்றபோதே ஒரு குருதிச் சோதனை, குறைவு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரை அல்லது ஊசி, அவ்வளவுதான். இதற்காக நம் உணவறத்தை விட வேண்டியதில்லை, அறிவோடு காக்கவேண்டும்.

பிள்ளை பெற்றவளிடம் காணும் சில குறிகளை வீட்டிலுள்ள ஆண்களும் அறிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுவதும் நனையும் குருதிப்போக்கு, காய்ச்சல், தீநாற்றமுள்ள கசிவு, தாங்கமுடியாத தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும் "பச்சை உடம்பு, வெளியே போகக்கூடாது" என்று காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேரவேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டாலோ, உடல் சில்லிட்டாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ அவ்வாறே. தீட்டுக் காலம் முடியட்டும் என்று எந்த நோயும் காத்திருப்பதில்லை.

கல்வி

மூன்றாவது சாத்திர தானம். தெரியாமையால் நாம் இழைக்கும் தவறுகளே மிகுதி என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய் மார்பில் சேர்க்கவேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சிக் கொட்டியவர்கள் நம் முன்னோருள் இருந்தார்கள். அளவிற் சிறிதேனும் நோயெதிர்க்கும் ஆற்றல் செறிந்தது அது. குழந்தையின் முதல் தடுப்பு மருந்து என்றே அதைச் சொல்லலாம். பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஒருமுறைக்குச் சில தேக்கரண்டி அளவே அதற்குப் போதும். பால் நிறைய இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அறுவைப் பேற்றில் ஓரிரு நாள் பிந்தலாம். அந்த இடைவெளியில்தான் "பால் பற்றவில்லை" என்ற சொல் வீட்டுக்குள் நுழைகிறது. நான் சொன்னேனே, அந்தச் சொல்.

சேனை வைப்பது என்று தேனும் சர்க்கரைநீரும் நாவில் தடவும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். ஓராண்டு நிரம்பும்வரை குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் சிசுவுக்கு நஞ்சாகக் கூடும். தேனை விலக்குவது நம் மரபுக்குப் புதிதும் அன்று. ஆறு திங்கள் நிரம்பும்வரை தாய்ப்பாலும் மருத்துவர் சொன்ன மருந்தும் அல்லாமல் வேறு எதுவும் வேண்டா. சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டா. தாய்ப்பாலே நீரும் ஆகும். ஆறு திங்களுக்குப் பின் கேழ்வரகுக் கூழும் பருப்புச்சாதமும் தொடங்கி, இரண்டு ஆண்டுவரையோ அதற்கு மேலோ தாய்ப்பாலையும் தொடரலாம்.

பால் கொடுப்பது தானாக வந்துவிடும் என்று எண்ணுகிறோம். அது தாயும் சேயும் சேர்ந்து கற்கும் ஒரு கலை. குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். வாயை நன்றாகத் திறந்தபின் காம்பை மட்டும் அல்லாமல் அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரிதும் வாய்க்குள் போகும்படி அணைக்கவேண்டும். தாடை மார்பில் தொடவேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். தொடர்ந்து வலித்தாலோ காம்பு வெடித்தாலோ, குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மீண்டும் அணைத்துப் பாருங்கள்.

என் மருமகளுக்கு நேர்ந்ததும் இதுவே. அந்த இரவுக்கு மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த செவிலியர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பத்து நிமிடம் அருகில் அமர்ந்து, குழந்தை குடிப்பதைப் பார்த்தார். தலையணையை உயர்த்தினார்; குழந்தையைத் திருப்பினார். குழந்தை விழுங்கும் ஒலி எனக்கே கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்க ராத்திரி என்னம்மா சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். டப்பாப் பாலை ஒரேநாளில் நிறுத்தாமல், எடையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். இரண்டு வாரத்தில் அது தேவைப்படவில்லை.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று அழுகையைக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். பசி தவிர அழுகைக்கு நூறு காரணம் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பின் ஒருநாளில் ஆறுமுறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று எண்ணுங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எடை சிறிது குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிட வேண்டும். இரண்டும் சரியானால் பால் போதுகிறது. ஒருநாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது இயல்பே. "இப்போதுதானே குடித்தது?" என்று கேட்டுத் தாயைக் கலங்கடிக்காதீர்கள்.

மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டால் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. அடிக்கடி கொடுக்கவேண்டும், கொடுத்தபின் குளிர்ந்த துணி ஒற்றலாம், மிகவும் இறுகினால் கையால் மெல்லப் பீய்ச்சி இளக்கலாம். சிவந்து, காய்ச்சலும் கண்டால் மருத்துவரிடம் போகவேண்டும். அப்போதும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஒரு சொல். மகப்பேறு நலம் பற்றிய சட்டவிதிகளின்படி, அவற்றுக்கு உட்பட்ட நிறுவனங்களில் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும். தமிழக அரசு ஊழியர்க்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. பணிக்குத் திரும்பியபின் பாலைத் தூய கலத்தில் பீய்ச்சி, குளிர்பதனப் பெட்டியின் உட்பக்கத்தில் வைத்து, நான்கு நாளுக்குள் கொடுக்கலாம். அடுப்பில் காய்ச்சக்கூடாது; வெந்நீர்ப் பாத்திரத்தில் கலத்தை வைத்து ஆற்றிக் கொடுக்கவேண்டும். பாட்டிமார்களே, இந்தப் பணி நம்முடையது.

அடைக்கலம்

நான்காவது அபய தானம். அச்சத்தை நீக்குதல். நான்கினுள் இதுவே பெரிது என்று நான் கருதுகிறேன்.

சீவக சிந்தாமணியில் விசயை பிள்ளை பெற்ற இடத்தை நினைவுகூருங்கள். கணவன் களத்தில் வீழ, மயிற்பொறியில் தப்பிவந்த அரசி, சுடுகாட்டில், நள்ளிருளில், தன்னந்தனியே சீவகனைப் பெறுகிறாள். திருத்தக்கதேவர் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. அவளுடைய பணிப்பெண் சண்பகமாலையின் வடிவில் ஒரு தெய்வம் அங்கே வந்து துணைநிற்கிறது. தெய்வம் தெய்வ வடிவில் வரவில்லை. அவள் நன்கறிந்த ஒரு பணிப்பெண்ணின் முகத்தோடு வந்தது. பெற்றவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது வணங்கத்தக்க உருவம் அன்று, தன்னோடு இருக்கும் ஒரு பழகிய முகம் என்பதை அந்த முனிவர் அறிந்திருந்தார்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் முதல் காரணமின்றிக் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்மார்க்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே தெளியும். தெளியாமல், உறக்கமின்மையும் வெறுமையும் குற்றவுணர்வும் குழந்தையிடம் பற்றின்மையும் தொடர்ந்தால் அது நோய். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு காணப்பட்டது. இந்த அரங்கில் நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். "லட்சணமாகப் பிள்ளை இருக்க, உனக்கு என்ன குறை?" என்று கேட்டு அவள் வாயை அடைக்காதீர்கள். இது திமிரும் அன்று, தீவினைப் பயன் என்று சொல்லி விட்டுவிடத் தக்கதும் அன்று, மருத்துவத்தால் குணமாவது. 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றித் தமிழிலேயே கிடைக்கிறது. தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவதாக அவள் சொன்னால், அல்லது இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னால், ஒருகணமும் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை சேர்க்கவேண்டும்.

தீட்டு என்று ஒதுக்கிவைத்த அறைக்கு ஒரு நன்மை இருந்தது: தாய்க்கு ஓய்வும், குழந்தைக்குத் தொற்றின்மையும். ஒரு தீமையும் இருந்தது: தனிமை. ஓய்வைக் காத்துத் தனிமையை நீக்குங்கள். கணவன்மார்களே, அந்த அறை உங்களுக்கு விலக்கப்பட்டதன்று. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உங்களால் முடியும்: குழந்தையைத் தூக்கி ஏப்பம் விடச்செய்யலாம், ஈரத்துணி மாற்றலாம், இரவில் நீர் கொண்டுவந்து கொடுக்கலாம், வருகிற உறவினரைப் பத்து நிமிடத்தில் இன்முகத்தோடு விடைகொடுத்து அனுப்பலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எவ்வளவு முயன்றும் பால் போதாத தாய்மார் உண்டு. சில நோய்க்கு மருந்துண்ணும் காரணத்தால் பால் கொடுக்கலாகாதவரும் உண்டு. அவர்கள் குறைந்த தாயர் அல்லர். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாய்ப்பால் வங்கி இயங்குகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது உயிர்காப்பு. மருத்துவர் சொல்லிக் கொடுக்கும் மாவுப்பாலும் உணவுதான். இன்று நான் சொன்னவற்றை ஓர் இளம்பெண்ணைக் குத்திக்காட்டும் கோலாக யாரேனும் எடுத்துச்சென்றால், நான் இங்கே பேசியதே வீண்.

அறக்கட்டளைக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஒன்று: ஊருக்கு இருவர் என, பிள்ளை பெற்று வளர்த்த பட்டறிவுள்ள பெண்களைத் தேர்ந்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் சில நாள் பயிற்சி பெறச்செய்ய வேண்டும். பேறு நிகழ்ந்த மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், நாற்பதாம் நாள் அவர்கள் அந்த வீட்டுக்குப் போய் அமர்ந்து, பேசாமல் கேட்கவேண்டும். இரண்டு: தாய்வீட்டுத் துணை இல்லாதவளுக்கு நாற்பது நாளும் முறைவைத்து உணவு போகவேண்டும், முனிவர்க்கு ஆகாரம் அளிக்க வீட்டுக்கு வீடு முறை வைக்கும் நமக்கு இது அரிதன்று. மூன்று: நம் விழா மண்டபங்களில் பால் கொடுக்கும் தாய்க்குத் தனியிடம் வேண்டும். 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பேருந்து நிலையத்தில் கிடைக்கும் இடம் நம் மண்டபத்தில் இல்லை என்பது நமக்கு அழகன்று. இரு குழந்தைகளோடு நிற்கும் தருமதேவிக்கு நம் ஆலயங்களில் இடம் கொடுத்திருக்கிறோம். ஒரு குழந்தையோடு கடைசி வரிசையில் நிற்பவளுக்கு ஒரு நாற்காலி கொடுக்கக்கூடாதா?

இந்த மூன்றாம் வேண்டுகோளுக்கு நான் அறக்கட்டளையின் விடைக்காகக் காத்திருக்கவில்லை. பாத்திர அறைக்குப் பக்கத்து அறையில், காலையில் என் மருமகளும் நானும் இரண்டு நாற்காலியும் ஒரு திரையும் போட்டு, ஒரு குடம் வடிகட்டிய நீரும் பழமும் வைத்திருக்கிறோம். பின்வரிசையில் நிற்கும் தாய்மார்கள் இப்போதே அங்குப் போய் அமரலாம். மணி ஐந்தாகப் போகிறது. பந்தியில் முதல் இலை உங்களுக்கே போடச் சொல்லியிருக்கிறேன்.

அறம் வாழ்க. அனைத்துயிரும் அச்சமின்றி வாழ்க.